பண்ருட்டி முந்திரிக்கும் பாகூர் நெல்லுக்கும் உயிர்மச் சான்று பெறும் வழி

‘ஆர்கானிக்’ எனப்படும் உயிர்மச் சான்று வாங்க வேண்டும் என்று வரும் விவசாயிகளிடம் நான் முதலில் கேட்பது, விளைந்ததை யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதைத்தான். மண்ணைப் பற்றியும் பஞ்சகவ்யத்தைப் பற்றியும் பேசத் தயாராக வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி சற்று ஏமாற்றமாக இருக்கும். ஆனால் சான்று என்பது உங்கள் நிலத்தை ஒருநாளும் நேரில் பார்க்கப் போகாத ஒருவருக்காக எழுதப்படும் காகிதம். அந்த ஒருவர் யார் என்று தெரியாமல், எந்தச் சான்று, எவ்வளவு செலவு, எத்தனை ஆண்டு என்று எதையும் முடிவு செய்ய இயலாது.

பண்ருட்டிக்கு மேற்கே செம்மண் மேட்டில் மூன்று ஏக்கர் முந்திரியும் பலாவும், கெடிலம் ஆற்றை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நெல்லும் வைத்துக்கொண்டு இந்த வழியை முழுவதும் நடந்தவன் நான். பின்னர் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பலருக்கு விண்ணப்பம் எழுத உதவியிருக்கிறேன். கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் உள்ள சிறு விவசாயிக்கு இதில் எது எளிது, எது கடினம், எங்கே காலமும் காசும் வீணாகும் என்பதை அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

யாருக்கு எந்தச் சான்று

உங்கள் தோப்புக்கே வந்து பலாப்பழம் வாங்கிப் போகிறவருக்கும், வீட்டுக்கு மாதம் ஒரு சிப்பம் அரிசி கேட்கும் குடும்பத்துக்கும் சான்று தேவையில்லை. உயிர்ம உணவுகளுக்கான ஒழுங்குமுறையை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2017-இல் கொண்டுவந்தபோதே, விளைவித்த சிறு விவசாயி உண்பவருக்கு நேரடியாக விற்பதற்கு விலக்கு அளித்தது. அப்படி விற்கும்போது ‘ஜைவிக் பாரத்’ என்னும் உயிர்ம உணவு முத்திரையைப் பையில் அச்சிடக் கூடாது, அவ்வளவே. வாடிக்கையாளர் எல்லாரும் உங்களை முகம் பார்த்து அறிந்தவர்கள் என்றால், சான்றுக்குச் செலவிடும் பணத்தை ஒரு மாட்டுக் கொட்டகைக்குச் செலவிடுவது மேல் என்றே நான் சொல்வேன்.

புதுச்சேரியிலோ சென்னையிலோ உள்ள கடையில் உங்கள் அரிசி ‘இயற்கை விளைபொருள்’ என்ற பெயரோடு அடுக்கில் அமர வேண்டுமானால் சான்று கட்டாயம். இந்தியாவுக்குள் விற்பதற்கு இரண்டு முறைகள் ஏற்கப்படுகின்றன. ஒன்று, மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் நடக்கும் ‘பி.ஜி.எஸ். இந்தியா’ என்னும் பங்கேற்பு உத்தரவாத முறை. இன்னொன்று, வணிக அமைச்சகத்தின் கீழ் வேளாண் பொருள் ஏற்றுமதியை வளர்க்கும் அபேடா நிறுவனம் நடத்தும், சுருக்கமாக என்.பி.ஓ.பி. எனப்படும் தேசிய உயிர்ம உற்பத்தித் திட்டம். ஏற்றுமதிக்குச் செல்வது இரண்டாவது மட்டுமே.

பி.ஜி.எஸ். முறையில் ஒரே ஊரையோ பக்கத்து ஊர்களையோ சேர்ந்த குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, உறுதிமொழி எடுத்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து, படிவத்தில் கையெழுத்திட்டு, அதைக் குழுக்களின் முடிவைச் சரிபார்க்கும் வட்டாரக் குழுமத்துக்கு (ரீஜனல் கவுன்சில்) அனுப்ப வேண்டும். வெளி ஆய்வாளருக்குக் கட்டணம் இல்லை. ரசாயனத்திலிருந்து உயிர்ம முறைக்கு மாறும் காலத்தில் ‘பசுமை’ முத்திரையும், அது முடிந்த பின் முழு முத்திரையும் கிடைக்கும். பாகூர் ஏரிப் பாசனத்தில் சீரகச் சம்பாவோ மாப்பிள்ளைச் சம்பாவோ பயிரிட்டு, புதுச்சேரி நகரத்திலேயே விற்றுவிட எண்ணும் ஐந்தாறு பேருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒன்றே: மைத்துனன் நிலத்தில் யூரியா மூட்டையைக் கண்டால் அதைப் படிவத்தில் எழுதும் துணிவு குழுவில் இருக்க வேண்டும். அந்தத் துணிவு உள்ளவர்களைத் தேர்ந்து சேருங்கள். எண்ணிக்கைக்காக யாரையும் சேர்க்காதீர்கள்.

என்.பி.ஓ.பி. முறையில் மூன்றாம் தரப்பு அமைப்பு ஒன்று வந்து ஆய்வு செய்து சான்று வழங்கும். தமிழ்நாட்டில் இதற்கென அரசுத் துறையே இருக்கிறது. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2007 முதல் இயங்கும் இத்துறையை முன்பு அங்ககச் சான்றளிப்புத் துறை என்றார்கள். இப்போது உயிர்மச் சான்று என்ற சொல் வழக்கில் வந்துவிட்டது. மாவட்டத்தில் விதைச்சான்று மற்றும் உயிர்மச்சான்று உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுக வேண்டும். சிறு, குறு விவசாயிக்கு 2,700 ரூபாய், பிற தனி விவசாயிக்கு 3,200, குழுவுக்கு 7,200, நிறுவனத்துக்கு 9,400 என்று நெடுங்காலம் இருந்துவந்த கட்டணம், தனியார் அமைப்புகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பணம் கட்டும் நாளில் நடப்பில் உள்ள தொகையைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். புதுச்சேரி ஒன்றியப் பகுதி விவசாயிகள், அபேடா அங்கீகரித்த வேறு அமைப்புகளில் ஒன்றை நாடலாம். கேரளத்தின் ஆலுவாவில் உள்ள இண்டோசெர்ட் போன்றவை தென்னிந்திய சிறு விவசாயிகளோடு பழகியவை. தனியார் அமைப்பிடம் பேசும்போது ஆய்வாளரின் நாள் கட்டணம், பயணச் செலவு, மாதிரிப் பரிசோதனைச் செலவு மூன்றையும் தனித்தனியாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் சொல்லும் தொகையில் இவை பெரும்பாலும் அடங்கியிருப்பதில்லை.

முந்திரி ஏற்றுமதி செய்யும் ஆலைக்காரர் ஒருவர் உங்கள் கொட்டையைக் கேட்கிறார் என்றால், தனியாக விண்ணப்பிப்பதைவிடக் குழுவாகச் சேர்வது நல்லது. 2025 ஜனவரியில் வெளியான என்.பி.ஓ.பி.யின் 8-ஆம் பதிப்பு, இத்தகைய குழு சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும் என்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ இருந்தால் அதையே பயன்படுத்தலாம். 25 பேர் முதல் 500 பேர் வரை ஒரு குழுவில் இருக்கலாம். குழுவின் சொந்த ஆய்வாளர் ஒவ்வொரு உறுப்பினர் நிலத்தையும் பார்த்துப் பதிவு செய்ய, வெளி அமைப்பு அவற்றில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்துச் சரிபார்க்கும். ஒருவர் செய்யும் பிழை எல்லாருடைய சரக்கையும் நிறுத்திவிடும் என்பதை உறுப்பினர்களுக்கு முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அயல்நாடு என்று பொதுவாகப் பேசுவதும் ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியம் தன் புதிய உயிர்ம விதிகளை 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவோ இந்தியச் சான்றை ஏற்கும் உடன்பாட்டை 2021 ஜனவரியில் முறித்துக்கொண்டது. அங்கே அனுப்ப அவர்களுடைய விதிப்படி தனியாகச் சான்று வேண்டும். வாங்குபவர் எந்த நாட்டுக்கு அனுப்புகிறார் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

காகிதங்கள்

துறையிடம் விண்ணப்பிக்கும்போது விண்ணப்பப் படிவம், பண்ணை பற்றிய பொதுக் குறிப்பு, பண்ணை வரைபடம், மண் மற்றும் பாசன நீர்ப் பரிசோதனை அறிக்கை, ஆண்டுப் பயிர்த் திட்டம், துறையோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம், நில ஆவணங்கள், நிரந்தரக் கணக்கு எண் அட்டையின் நகல், புகைப்படம் ஆகியவை கேட்கப்படும். இவற்றில் தடுமாற்றம் வருவது நில ஆவணத்தில்தான். நம் பக்கத்தில் பட்டா தாத்தா பெயரிலும், அடங்கல் அப்பா பெயரிலும், உழுவது மகனுமாக இருப்பது சாதாரணம். விண்ணப்பிப்பவர் பெயரும் பட்டாவும் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் மற்றப் பங்காளிகளின் ஒப்புதல் கடிதம் வேண்டும். குத்தகைத் தோப்பு என்றால், மாறும் காலத்தையும் அதன்பின் குறைந்தது இரண்டு மகசூலையும் உள்ளடக்கிய எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் இறங்காதீர்கள். முந்திரிக் குத்தகை பெரும்பாலும் பருவத்துக்குப் பருவம் வாய்ப்பேச்சாக முடிவாவது. மூன்றாண்டு உழைத்து முத்திரை வாங்கிய பிறகு, கூடுதல் விலையைக் கேள்விப்பட்ட நிலக்காரர் வேறொருவருக்குக் குத்தகை கொடுத்துவிட்டால் உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது.

வரைபடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் கிடைக்கும் புல வரைபடத்தை அடிப்படையாக வைத்து, அதன்மேல் கிணறு, வாய்க்கால், வரப்பு, கொட்டகை, எரு மேடு, தெளிப்பான் வைக்கும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். நான்கு எல்லையிலும் பக்கத்து நிலத்துக்காரர் யார், என்ன பயிர், ரசாயனம் தெளிக்கிறாரா, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று எழுதுங்கள். ஆய்வாளர் உங்கள் நிலத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் எல்லைகளைத்தான் பார்ப்பார்.

தண்ணீர்ப் பரிசோதனை ஒரு சடங்கல்ல. கடலூர் சிப்காட் வளாகத்தை ஒட்டிய கடலோர ஊர்களிலும், உப்புநீர் உள்ளேறிய இடங்களிலும், விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கிணற்று நீரைக் கன உலோகங்களுக்கும் உவர்ப்புக்கும் பரிசோதித்துவிடுவது நல்லது. நீர் தவறினால் சான்றும் தவறும்; அதை மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

எல்லையும் பக்கத்து நிலமும்

பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து காற்றில் வரும், அங்கே போட்ட உரம் மழைநீரில் வரும். இதற்காக இடைவெளிப் பகுதி ஒன்றை விட வேண்டும். அதன் அகலம் ஆபத்தின் அளவைப் பொறுத்து ஆய்வாளரால் முடிவு செய்யப்படும். மேட்டுத் தோப்பில் வேலியோரமாகச் சவுக்கு, வேம்பு, கிளுவை, ஆடாதொடை என்று அடர்த்தியாக நட்டுவிடலாம். நெல் வயலில் அவ்வளவு எளிதன்று. வரப்பை உயர்த்தி, பக்கத்து வயலின் கழிவுநீர் உள்ளே விழாமல் தனி வடிகால் வெட்டி, ஓரத்து வரிசைகளைத் தனியாக அறுத்து, சாதாரண நெல்லாக விற்று, அந்த விற்பனையையும் எழுதி வைக்க வேண்டும்.

வேலியைவிட உதவுவது பேச்சு. என் தென் எல்லையில் கத்தரி போடும் அண்ணனிடம், “மருந்து அடிக்கிற அன்றைக்குக் காலையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணே, காற்று நம் பக்கம் அடித்தால் சாயங்காலம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்டுக்கொண்டேன். இன்றுவரை சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறார். அவர் சொன்ன நாள்களையும் பதிவேட்டில் குறித்திருந்தேன். ஆய்வாளர் அதை நெடுநேரம் படித்தார்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் தனிக் கவலை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எத்தனையோ பேர் நிலத்தின் மேல் அடுத்தவர் நிலத்து மண்ணையும் நீரையும் கொண்டுவந்து போட்டது. இப்படி நேர்ந்தால் மறைக்காமல் சில நாள்களுக்குள் சான்றளிப்பு அமைப்புக்குக் கடிதம் எழுதி, தேதியிட்ட படங்களை இணையுங்கள். முன்கூட்டியே தெரிவித்த வெள்ளம் இயற்கைச் சீற்றமாகக் கருதப்படும். ஆய்வில் வெளிப்பட்டால் அதே வெள்ளம் உங்கள் மறைப்பாகிவிடும்.

மாறும் காலம்

நெல், உளுந்து, மணிலா (நிலக்கடலை) போன்ற ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டும், முந்திரி, பலா, கொய்யா போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் உயிர்ம அறுவடைக்கு முன் மூன்று ஆண்டும் மாறும் காலம். நீங்கள் ரசாயனத்தை நிறுத்திய நாளிலிருந்து இது தானாக எண்ணப்படாது. விண்ணப்பம் பதிவான நாளே பொதுவான தொடக்கம். ‘நான் பத்து வருடமாக ஒன்றும் போடவில்லை’ என்று சொல்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம், அதில் பெரும்பாலும் உண்மையும் இருக்கிறது. மேட்டு முந்திரிக்கு உரம் வைக்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஆதாரம் இருந்தால் மட்டுமே அமைப்பு காலத்தைக் குறைப்பது பற்றி யோசிக்கும். ஆகவே முழு முடிவு எடுக்காவிட்டாலும், பதிவு செய்வதை இந்தப் பருவத்திலேயே செய்துவிடுங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று வீழ்த்திய தோப்புகளில் மறுநடவு செய்தவர்கள், ஒட்டுக்கன்று வாங்கிய ரசீது இருந்தால் அதையும் நில வரலாற்றோடு இணையுங்கள்.

பண்ணையில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதும் உண்டு. ஆனால் ஒரே பயிரை ஒரு பக்கம் உயிர்மமாகவும் மறுபக்கம் ரசாயனத்திலும் வளர்ப்பதை ஏற்க மாட்டார்கள். எந்த மூட்டை எந்த வயலுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் காரணம்.

கூட்டாகச் செய்பவர்களுக்கு மத்திய அரசின் பரம்பராகத் வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் மூன்றாண்டுக்கு ஹெக்டேருக்கு 31,500 ரூபாய் உதவி உண்டு. அதில் 15,000 இடுபொருளுக்காக விவசாயியின் வங்கிக் கணக்கில் வரும். தமிழ்நாடு அரசும் 2023 மார்ச்சில் உயிர்ம வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. வட்டார வேளாண் அலுவலகத்தில் ஆண்டுத் தொடக்கத்திலேயே பெயர் கொடுத்து வையுங்கள்.

பதிவேடு

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஆய்வாளர் உங்கள் தோப்பில் நிற்பது ஆண்டுக்கு ஒரு நாள், சில மணி நேரம். மீதி 364 நாளும் அங்கே என்ன நடந்தது என்பதை அவர் உங்கள் நோட்டிலிருந்துதான் அறிகிறார். அழகான நோட்டு வேண்டியதில்லை. இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். வயல் வாரியாகத் தனிப் பக்கம்; ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, செய்த வேலை, போட்ட பொருள், அளவு, எங்கிருந்து வந்தது, யார் செய்தது. வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ரசீது. ரசீதை நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள். அறுவடை எடை, சேமித்த இடம், விற்ற தேதி, வாங்கியவர், எடை, விலை எல்லாம் ஒன்றோடொன்று கூட்டிக்கழித்துப் பார்த்தால் பொருந்த வேண்டும்.

அன்றைய வேலையை அன்றே எழுதுவது முக்கியம். ஆய்வுக்கு முந்தைய இரவு ஒரே பேனாவில் ஓராண்டை எழுதியவர்களின் நோட்டு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் உள்ள வீட்டில், பள்ளிக்குப் போகும் பேத்தி மாலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதுவதைக் கண்டிருக்கிறேன்; அந்த வீட்டுப் பதிவேடுகளே மிகச் சுத்தமாக இருக்கின்றன.

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு சம்பா நடவுக்கு விதை நெல் போதாமல் வெளியில் ஒரு கடையில் ஒரு பை வாங்கினேன். விதை இளஞ்சிவப்பாக இருந்தது. அது பூஞ்சாணக்கொல்லி பூசிய விதை என்று எனக்குத் தெரியும். நாற்றங்காலில் கழுவிவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன். பையைக் கொட்டகையில் வீசியிருந்தேன். ஆய்வாளர் நோட்டில் ‘சொந்த விதை’ என்று இருந்ததைப் படித்துவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தபோது முதலில் அவர் கண்ணில் பட்டது அந்தப் பைதான். அந்த ஒன்றரை ஏக்கருக்கும் மாறும் காலம் முதலிலிருந்து தொடங்கியது. பூசிய விதைக்காக மட்டும் நடந்ததென்றால் ஆறியிருப்பேன். பதிவேட்டில் பொய் எழுதியிருந்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. பூசிய விதையைத் தவிர வேறு வழியில்லாத நிலை வந்தால், விதைக்கும் முன் அமைப்பைக் கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள்.

என்ன போடலாம், என்ன போடக் கூடாது

சொந்த மாட்டின் சாணமும் கோமியமும், தக்கைப்பூண்டு, சணப்பை, கொளுஞ்சி போன்ற பசுந்தாள் உரங்களும், பஞ்சகவ்யம், மீன் அமிலம், ஐந்திலைக் கரைசல் போன்ற வீட்டுத் தயாரிப்புகளும் பொதுவாக ஏற்கப்படும். மரபணு மாற்றிய விதை, செயற்கை உரம், செயற்கைப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, நகரக் கழிவுநீர்ச் சேறு ஆகியவை கூடாது. இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பவைதான் விவசாயியைத் தடுமாறச் செய்யும். பெரிய கோழிப் பண்ணைகளிலிருந்து லாரியில் வரும் எரு, கடையில் ‘ஆர்கானிக்’ என்று அட்டை ஒட்டி விற்கும் வளர்ச்சி ஊக்கிகள், கலப்படம் நிறைந்த வேப்பம்புண்ணாக்கு ஆகியவற்றை வாங்குவதற்கு முன் அட்டையைப் படமெடுத்து அமைப்புக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். அட்டையில் எழுதியிருப்பது அங்கீகாரமாகாது.

அனுமதிக்கப்பட்ட பொருளுக்கும் அளவு உண்டு. வெற்றிலைக்கும் தென்னைக்கும் நாம் பயன்படுத்தும், மயில்துத்தமும் (செம்புச் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை, பிரான்சின் போர்தோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் 1880-களில் பிறந்தது. உயிர்மத் திராட்சைக்காரர்களும் இன்றுவரை செம்பை நம்பியே அடிச்சாம்பல் நோயைச் சமாளிக்கிறார்கள். செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே மயில்துத்தம் எத்தனை கிராம் கரைத்தீர்கள் என்பதும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

முந்திரிக்காரர்களுக்குத் தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியும் தண்டுத் துளைப்பானும்தான் பெரும் சோதனை. துளிரும் பூவும் கருகிப்போவதைக் கண்ணால் பார்க்கும்போது மருந்துக்கடைக்குக் கால் தானாக நடக்கும். காசர்கோட்டில் இதே தேயிலைக் கொசுவுக்காக 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள்; அங்குள்ள ஊர்கள் அதன் துயரத்தை இன்றும் சுமக்கின்றன. உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதும் தடை செய்தது 2011 மே மாதத்தில்தான். நம் தோப்பில் செய்யக்கூடியது, கவாத்து செய்து உட்கிளைகளில் வெயில் விழ விடுவது, துளிர் விடும்போதும் பூக்கும்போதும் வேப்பங்கொட்டைக் கரைசலைச் சோப்புக் கரைசலோடு தெளிப்பது, முசுறு எறும்புக் கூடுகளை அழிக்காமல் விடுவது. கொட்டை பொறுக்கும்போது முசுறு கடிக்கிறது என்று கூட்டைக் கொளுத்துவது நம் வழக்கம். ஆனால் தேயிலைக் கொசுவை மரத்திலேயே வேட்டையாடும் காவலாளி அதுதான். துளைப்பானுக்கு, அடிமரத்தில் பிசினும் மரத்தூளும் தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை குனிந்து பார்த்து, உளியால் பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுத்து, ஐந்து சதவீத வேப்பெண்ணெய்க் கரைசலை அடிமரத்தில் பூச வேண்டும். முழுக்கப் பட்டுப்போன மரத்தை வேரோடு அகற்றி எரித்துவிட வேண்டும். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் முந்திரி பற்றிக் கேட்டால் நேரில் வந்து பார்க்கும் அளவுக்கு அக்கறையோடு சொல்வார்கள். மகசூல் முதல் இரண்டு ஆண்டு குறையக்கூடும்; அதைத் தாங்கும் அளவுக்குக் கையில் பணமோ வேறு வருமானமோ இல்லாதவர்கள் பாதித் தோப்பை வேறு பயிருக்கு மாற்றித் தொடங்குவது நல்லது.

ஆய்வு நாள்

ஆய்வாளர் அறிவித்துவிட்டும் வருவார், சில நேரம் அறிவிக்காமலும் வருவார். எல்லையைச் சுற்றி நடந்து, கொட்டகையையும் தெளிப்பானையும் கழுவும் இடத்தையும் பார்த்து, நோட்டையும் ரசீதையும் ஒப்பிட்டு, தேவைப்பட்டால் இலையோ மண்ணோ கொட்டையோ மாதிரி எடுப்பார். கடன் வாங்கிய கைத்தெளிப்பான் கொட்டகையில் இருக்கக் கூடாது. தெளிப்பான் உங்களுடையதாக, வேறெதற்கும் பயன்படாததாக இருக்கட்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். குறைகளைப் பட்டியலிட்டு எழுதிக் கொடுத்தால், எந்தக் குறையை எந்தத் தேதிக்குள் சரி செய்வீர்கள் என்று அன்றே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

அவர் அன்று உங்கள் மகசூலையும் மதிப்பிட்டு எழுதுவார். இதைக் கவனமாகப் பாருங்கள். நீங்கள் பிறகு சான்றோடு விற்கும் எடை, அந்த மதிப்பீட்டைத் தாண்ட முடியாது. அடக்கத்துக்காகக் குறைத்துச் சொன்னாலும் இழப்பு உங்களுக்குத்தான்; மிகைப்படுத்திச் சொன்னால் வெளிச் சரக்கைக் கலக்கிறீர்கள் என்ற ஐயம் வரும்.

களத்திலிருந்து கடை வரை

சான்று கிடைத்தபின் பலர் சறுக்குவது இங்கேதான். உங்கள் வயலுக்குக் கிடைத்த சான்று அரிசி ஆலைக்குச் செல்லாது. ஆலைக்கும் சான்று இருக்க வேண்டும். அல்லது முதல் நெல்லை ஓட்டி இயந்திரத்தைச் சுத்தம் செய்து, அப்படி வந்த அரிசியைச் சாதாரண அரிசியாக ஒதுக்கிவிட்டு உங்கள் நெல்லை அரைப்பதற்கு அமைப்பின் ஒப்புதல் வேண்டும். முந்திரியில் இது இன்னும் கடுமை. பண்ருட்டி ஆலைகளில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் கொட்டையும் ஒரே களத்தில் காய்கிறது. உங்கள் மூட்டை தனி நிறச் சாக்கில், வயல் எண்ணும் அறுவடைத் தேதியும் எழுதி, தனி நாளில் உடைக்கப்படாவிட்டால் மூன்றாண்டு உழைப்பு அந்தக் களத்திலேயே கரைந்துவிடும். சேமிப்பறையில் அந்துக்கு மாத்திரை வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வேப்பிலை, நொச்சி, நன்கு உலர்த்துதல் மூன்றுமே போதும். பலாவைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது எல்லாருக்கும் சட்ட விரோதம். உயிர்மக்காரருக்கு அது சான்றையே பறிக்கும்.

என்.பி.ஓ.பி. சரக்கு ஒவ்வொரு முறை கை மாறும்போதும் பரிவர்த்தனைச் சான்று ஒன்று வேண்டும். அபேடாவின் டிரேஸ்நெட் இணையத் தளத்தின் வழியே உங்கள் சான்றளிப்பு அமைப்பு இதை வழங்கும். லாரி கிளம்பும் நாளில் கேட்காதீர்கள். விலை பேசி முடித்த அன்றே எடை, வாங்குபவரின் பெயர், அவருடைய சான்று எண் ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். இந்தக் காகிதம் இல்லாமல் வந்த உயிர்ம முந்திரியை ஆலைக்காரர் சாதாரணக் கொட்டை விலைக்கே எடுக்க முடியும், அவர் மேல் குற்றமில்லை.

எந்த நிலத்துக்கு, எந்தப் பயிருக்கு என்று குறித்துத் தரப்படும் உயிர்மச் சான்று (ஸ்கோப் சான்று) ஓராண்டுக்கே செல்லும். நம் முந்திரி மார்ச் முதல் மே வரை விழுகிறது, பலா அதைத் தொடர்ந்து வருகிறது. முதல் விண்ணப்பத்தை ஏப்ரலில் கொடுத்தவர்களின் சான்று ஒவ்வோர் ஆண்டும் பாதி மகசூலின் நடுவே காலாவதியாகி, கொட்டை களத்தில் கிடக்கப் புதுப்பிப்புக்குக் காத்திருக்கிறார்கள். ஆகவே முதல் விண்ணப்பத்தை ஆடியிலிருந்து புரட்டாசிக்குள், சம்பா நடவோடு ஒட்டிக் கொடுங்கள். புதுப்பிப்புக் கட்டணத்தைக் காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே கட்டி, பூக்கும் நேரமான மார்கழி, தை மாதங்களில் ஆய்வாளரை வரவழையுங்கள். மரத்தில் பூவும் வயலில் கதிரும் ஒருசேர நிற்கும்போது அவர் இரண்டின் மகசூலையும் ஒரே பயணத்தில் மதிப்பிட்டுவிடுவார், பயணச் செலவும் ஒன்றாக முடியும்.